மடுல்கெல்ல யானைக் கெண்டி

ராஜலிங்கம் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்மார் வாயில் அளவெடுத்து அனுப்ப, அந்த அளவுக்குப் பீங்கானில் பல் செய்து கொடுக்கிறவர். கண்டி நகரத்தில் எத்தனையோ பேர் அவர் முகத்தைக் கண்டதில்லை. ஆனால் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை என்கிற ஒரு நிறத்துக்குள் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பக்கத்துப் பல்லோடு புதுப் பல்லின் வெள்ளை ஒட்டாவிட்டால் ஆள் மறுநாளே திரும்பி வந்து நிற்பார் என்பதால், முப்பது வருடமாக அந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு தின்கிறார்.

அந்தக் கண் ஒரு நாள் ஒரு வாத்தின் மேல் விழுந்தது. அம்பிட்டியவில் தனியாக இருந்த ஒரு சிங்கள டீச்சரம்மாவுக்கு மேல்வரிசை முழுவதும் செய்திருந்தார். நடக்க மாட்டாதவர் என்பதால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். மேசையில் கடிதாசி பறக்காமல் இருக்க ஒரு பீங்கான் வாத்தை வைத்திருந்தார்கள். கைக்குள் அடங்குகிற அளவு, வெள்ளை உடம்பில் நீல இறகு. நீலம் மேலே பூசியதாக இல்லை. பளபளப்புக்குக் கீழே, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரிக் கிடந்தது. பல்லுக்கு உரிய காசுக்குப் பதிலாக இதைத் தருவீர்களா என்று ராஜலிங்கம் கேட்டார். டீச்சரம்மா, மனுசனுக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும், அவர் மனம் மாறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு இருபது வருடத்தில் வாத்தோடு ஒரு நண்டு, ஒரு முயல், வயிறு பெருத்த ஒரு தவளை, துள்ளுகிற ஒரு மீன் எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாம் பழைய சீனத்து நீல வெள்ளைப் பீங்கான். தட்டு, சாடி, கோப்பை என்றால் ராஜலிங்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். தட்டு எவனும் செய்வான், தவளை வயிற்றில் தண்ணீர் ஊற்றி அதன் வாயால் வார்க்கலாம் என்று எவனுக்குத் தோன்றும் என்பது அவர் கட்சி. மீன் மட்டும் போலி. இரண்டு வருடம் அதைத் தடவித் தடவி மகிழ்ந்த பிறகுதான் அது போன தலைமுறையில் செய்தது என்று தெரிந்தது. தூக்கி எறிய மனம் வராமல் அதையும் அலுமாரியில் மற்றவற்றின் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் மனைவி யசோதினி விருந்தாளிகளிடம் முதலில் காட்டுவது அந்த மீனைத்தான். யசோதினி கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். புருசன் ஏமாந்த இடங்களை மறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

யானைதான் இல்லை. கெண்டி என்றால் பக்கவாட்டில் மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரம். கண்டியில் தானம் கொடுக்கிற வீடுகளில் பிக்குமாருக்கு முன்னால் தண்ணீர் வார்ப்பது அதில்தான். நானூறு வருடத்துக்கு முன் சீனத்துக் குயவர்கள் அந்தக் கெண்டியையே படுத்திருக்கிற யானையாகச் செய்தார்கள். முதுகிலிருந்து ஒரு கழுத்து எழும்பி நிற்கும். அதன் வழியே ஊற்றினால் தும்பிக்கை வழியே வரும். ராஜலிங்கம் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். டவுனில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற முஹைதீன் நானா, யானை வந்தால் முதல் தகவல் உங்களுக்குத்தான் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை வந்தது, மாடு வந்தது, யானை வரவில்லை.

போன வருடம் வைகாசியில் யசோதினியின் பெரியப்பா பேத்திக்கு மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. ராஜலிங்கத்துக்கு அன்று வேலை நெருக்கடி, போகவில்லை. படங்கள் யசோதினியின் போனுக்கு வந்தன. பிள்ளை எவ்வளவு வடிவாக இருக்கிறாள் பாருங்கள் என்று யசோதினி போனை நீட்டினார். ராஜலிங்கம் பார்த்தார். பிறகு பொண்ணு மாப்பிள்ளையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பின்னால் கருவறையில் தெரிந்த சாமியை இரண்டு விரலால் பெரிதாக்கினார். சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்த ஒரு சின்னப் பிள்ளையார். சந்தனம் உதிர்ந்த காதோரத்தில் பெருவிரல் நகத்தளவு வெள்ளை, அதில் ஒரு நீலக் கோடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை காய்கிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறே வத்தேகம, பன்வில என்று பஸ் மாறிப் போய் இறங்கினார். திடீரென்று வந்த பக்தியை யசோதினி நம்பவில்லை என்றாலும், கூடவே அனுப்பக் கொஞ்சம் பூவும் பழமும் வாங்கிக் கொடுத்தார்.

கோயில் தேயிலை மலை நடுவே தகரக் கூரையோடு இருந்தது. அங்கே நிரந்தரக் குருக்கள் கிடையாது. தினப் பூசையை வடிவம்மா செய்தார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற மனுசி, வயது அறுபத்தைந்து இருக்கும். அவருடைய மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் விளக்கு வைக்கிறது என்று சொன்னார்கள். ராஜலிங்கம் போன நேரம் அபிசேகம் நடந்துகொண்டிருந்தது. வடிவம்மா சந்தனத்தைக் கழுவிவிட்டு, பிள்ளையாரின் முதுகிலிருந்த ஓட்டையில் ஒரு செம்புப் பாலை மெல்ல ஊற்றினார். தும்பிக்கையிலிருந்து பால் வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அதைக் கையில் ஏந்திப் பிள்ளைகளின் வாயில் விட்டார்கள். பால் முடிந்ததும் அந்த ஓட்டையில் ஒரு செவ்வரத்தம் பூவைக் குத்தி வைத்துவிட்டு வடிவம்மா சூடம் கொளுத்தினார்.

ராஜலிங்கம் படத்தில் பார்த்த யானைக் கெண்டியேதான். முதுகிலிருந்த கழுத்து அடியோடு உடைந்து போயிருந்தது. மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. மடித்த கால்கள், முதுகில் விரித்த துணியின் குஞ்சம், தும்பிக்கைச் சுருக்கம், எல்லாம் நீலத்தில். அவர் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

திரும்பி வந்து முஹைதீன் நானாவிடம் விஷயத்தைச் சொன்னார். நானா முகம் மலர்வார் என்று எதிர்பார்த்தார். நானா எழும்பிப் போய்க் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணன், இதுல எனக்குச் சேரேலாது. சாமி ஈக்கிற எடத்துல ஈந்து வாற சாமானை நாங்க எடுக்கிறல்ல. கோயிலோ பன்சலையோ பள்ளியோ, எல்லாம் ஒண்டுதான். நீங்களும் உட்டுடுங்க."

விடுவதாக இருந்தால் ராஜலிங்கம் பன்னிரண்டு வருடம் காத்திருப்பாரா. விலை பேச முடியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. திருடுகிற ஆளும் அவர் இல்லை. தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். போட்டால் அவர்கள் வருவார்கள், வந்தால் யானை அவர்களோடு போய்விடும். நாலு நாள் மண்டையைக் குடைந்த பிறகு ஐந்தாம் நாள், யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வழி தெரிந்தது.

ராஜலிங்கம் பிறந்து வளர்ந்தது கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில். அங்கே சாமிப் படத்தின் கண்ணாடி கீறினால் அதை வீட்டில் வைக்கமாட்டார்கள். பின்னமானதைக் கும்பிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று கொண்டுபோய் அரச மரத்தடியில் வைத்துவிடுவார்கள். மரத்தைச் சுற்றிக் கை போன முருகனும் சட்டம் கழன்ற லட்சுமியும் மழையில் நனைந்து கிடப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டும் போவார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பின்னமான சாமி கடைசியில் மரத்தடிக்குத்தான் வரும் என்பது அவருக்குக் கைரேகை மாதிரித் தெரிந்த சங்கதி. அதற்கு மேல் ஒரு வழக்கம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த முறை போனபோது கோயில் கமிட்டித் தலைவர் தினேஸைப் பார்த்தார். தினேஸ் பன்வில டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறவர், முப்பத்தைந்து வயது, மரியாதையான பிள்ளை. கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ராஜலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பாக நினைக்கக் கூடாது என்று தொடங்கினார். மூலவரின் முதுகு உடைந்திருக்கிறது, அது பின்னம், பின்னமான விக்கிரகத்துக்குப் பூசை செய்வது தோட்டத்துக்கு நல்லதில்லை என்றார். வடிவம்மா ஓரத்தில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜலிங்கம், நல்ல கருங்கல் பிள்ளையார் ஒன்றை இந்தியாவில் செய்வித்து எடுத்துத் தருவது தன் பொறுப்பு, கும்பாபிசேகமும் தன் உபயம் என்று சொன்னார். தினேஸ் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து எங்கள் கோயிலை நினைக்கிற மனம் யாருக்கு வரும் என்று ஒரு பெரியவர் கண் கலங்கினார்.

பழையதை என்ன செய்வீர்கள் என்று ராஜலிங்கம் கேட்கவில்லை. கேட்டால் ஆசை வெளியே தெரிந்துவிடும் என்று பயம். எப்படியும் அரச மரம் ஒன்று கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதையும் போகிற போக்கில் பார்த்து வைத்துக்கொண்டார்.

கல் பிள்ளையார் கப்பலேறி வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் மனுசன் இன்னொரு பிறவி எடுத்த மாதிரி நல்லவராக இருந்தார். மாதம் ஒரு தடவை மடுல்கெல்லவுக்குப் போனார். கோயிலுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்துக் கொடுத்தார். வடிவம்மாவுக்கு முன்பல் இரண்டு இல்லையென்று கண்டு, டாக்டரிடம் அளவெடுக்கச் செய்து தானே பல் செய்து கொடுத்தார். அந்தப் பல்லுக்கு வெள்ளை எடுக்க வழக்கத்தைவிட அதிக நேரம் செலவழித்தார். இவ்வளவுக்கும் நடுவில் யசோதினி ஒரு நாள், உங்களுக்கு என்ன நடந்தது என்று நேரடியாகவே கேட்டார். ராஜலிங்கம் உண்மையைச் சொன்னார். யசோதினி, அந்த ஆக்களை ஏமாத்திப்போட்டு அதை எங்கே வைக்கப் போறீங்க என்று கேட்டார். யாரையும் ஏமாற்றவில்லை, உடைந்ததை உடைந்தது என்றுதானே சொன்னேன், பதிலுக்குக் கல்லில் சாமியே கொடுக்கிறேனே என்றார் ராஜலிங்கம். அது முழுப் பொய்யும் இல்லாததால் யசோதினியால் மேலே வாதாட முடியவில்லை.

கும்பாபிசேகத்துக்கு முந்திய நாள் காலையிலேயே இருவரும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாத்தளையிலிருந்து குருக்கள் வந்திருந்தார். பழைய பிள்ளையாரை மஞ்சள் துணி விரித்த பலகையில் வைத்து, மந்திரம் சொல்லி, தர்ப்பையால் தொட்டு, அதிலிருந்த சக்தியைப் பக்கத்தில் வைத்த கும்பத்துக்கு இறக்கினார். நாளைக் காலை அது கும்பத்திலிருந்து கல்லுக்குப் போகும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ராஜலிங்கம் உபயகாரர் என்பதால் தலையில் பரிவட்டம் கட்டி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். குருக்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ஆற்றுக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம் என்று தினேஸிடம் கேட்டார்.

எந்த ஆறு என்று ராஜலிங்கம் கேட்டார். ஹுலுகங்கைதான் ஸேர், பழைய சாமியை அதில்தான் விடப்போகிறோம் என்றார் தினேஸ். உபயகாரர்தான் இறங்கி விடவேண்டுமாம், அந்தப் பாக்கியம் எங்களுக்கில்லை உங்களுக்குத்தான் என்று சந்தோசமாகச் சேர்த்துக்கொண்டார்.

ராஜலிங்கம் பரிவட்டத்தோடு எழுந்து குருக்களைத் தனியே அழைத்துப் போனார். நானே கொண்டுபோய் வீட்டில் பயபக்தியோடு வைத்துக்கொள்கிறேன் என்றார். ஊருக்கு ஆகாதது உங்கள் வீட்டுக்கு மட்டும் ஆகுமா, பின்னம் என்று சொன்னதே நீங்கள்தானாமே என்றார் குருக்கள். மரத்தடியில் வைக்கலாமே என்றார். அது படங்களுக்கு, பூசை கண்ட மூலவருக்கு அப்படிச் செய்வதில்லை என்றார் குருக்கள். சக்திதான் கும்பத்துக்குப் போய்விட்டதே, இப்போது இது வெறும் மண்தானே, மண்ணை எனக்குத் தந்தால் என்ன என்று ராஜலிங்கம் கடைசியாகக் கேட்டார். அதைக் கேட்டதும் குருக்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உசிர் போனப்புறம் வெறும் ஒடம்புதானேன்னு சொந்தக்காரங்கள வீட்டுல வச்சுக்குவோமா? சேர வேண்டிய எடத்துல சேக்கிறதுதாங்க மரியாதை."

ராஜலிங்கம் கோயிலுக்குப் பின்பக்கம் போனார். அங்கே பைப்படியில் வடிவம்மா பழைய பிள்ளையாரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடத்து எண்ணெய்ப் பிசுக்கை அரப்புத் தேய்த்து எடுத்திருந்தார். முதல் முறையாக ராஜலிங்கம் அதைப் பட்டப்பகலில் முழுசாகக் கண்டார். முதுகுத் துணியில் செவ்வந்தி மாதிரி ஒரு பூ, ஓரத்தில் குட்டி மணிகள், கண்ணுக்கு மேல் ஒவ்வொன்றாக வரைந்த இமைமயிர். அடிப்பக்கம் பூச்சில்லாமல், சூளை மணல் துகள் நாலைந்து இன்னும் ஒட்டியிருந்தது. படத்தில் கண்டதைவிட நல்ல யானை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு வழி தெரியாமல், எல்லாவற்றையும் வடிவம்மாவிடம் சொல்லிவிட்டார். அக்கா, இது பிள்ளையாரே இல்லை, சீனத்திலிருந்து வந்த தண்ணீர்க் கெண்டி, நானூறு வருடத்துச் சாமான், நான் இந்த மாதிரி மிருகங்களைச் சேர்க்கிறவன், இதற்காகத்தான் வந்தேன், இதை ஆற்றில் போட விடாதீர்கள் என்றார்.

வடிவம்மா கை நிறுத்தாமல் காதின் மடிப்பைத் துடைத்தார்.

"தெரியுங்கய்யா. மாமனார் தொர பங்களாவுல வேலை செஞ்சவரு. தொரசானி இதுலதான் பூ வச்சிருந்தாங்களாம். கழுத்து ஒடஞ்சதும் குப்பைக் குழியில போட்டாங்க, மாமா எடுத்துட்டு வந்து மலை ஓரத்துல வச்சி வெளக்கேத்துனாரு. ஒடஞ்சதாலதான நமக்குக் கெடச்சிச்சு."

அப்படியென்றால் அன்று கமிட்டியில் ஏன் சொல்லவில்லை என்று ராஜலிங்கம் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க, நாலு பேருக்கு முன்னால பின்னம்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் லயத்து வீட்டுல ஒரு புள்ளைக்குக் காச்சல் வந்தாலும் பின்னந்தான் காரணம்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. நா ஒருத்தி என்னத்தச் சொல்ல? நாப்பது வருசம் நாந்தான் குளிப்பாட்டுனேன். இன்னிக்கிக் கடைசி."

ராஜலிங்கம் பைப்படிக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். இதுவரை இது தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று மட்டுமே யோசித்த மனுசனுக்கு, இது ஏற்கனவே ஒருவரிடம் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போதே போய் எல்லாரிடமும் நான் சொன்னது தப்பு என்று சொல்கிறேன், இதையே வைத்துக் கும்பிடுங்கள் என்றார். வடிவம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். இதன் முன்னால் நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள், தொரசானியின் பூச்சாடி என்று அவர்கள் காதில் போடாதீர்கள் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு மேளத்தோடு புறப்பட்டார்கள். தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே யானையை வைத்து ராஜலிங்கத்தின் கையில் கொடுத்திருந்தார்கள். வடிவம்மா அவருக்குப் பக்கத்தில் பால் செம்போடு நடந்தார். தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில் ஆறு தெரிந்ததும், ராஜலிங்கத்தின் புத்தி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மழை இல்லாத காலம், தண்ணீர் குறைவு. இறங்குகிற இடத்துக்கு இடப்பக்கம் இரண்டு பாறைக்கு நடுவில் முழங்காலளவுத் தண்ணீரில் மணல் படிந்திருந்தது. அங்கே மெதுவாக வைத்துவிட்டு வந்தால் எங்கேயும் போகாது. நாளைக்குக் கும்பாபிசேகக் கூட்டம் கோயிலில் இருக்கும், ஆற்றங்கரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இப்படி நினைக்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெட்கப்பட்டுக்கொண்டே பாறையை அடையாளம் வைத்துக்கொண்டார்.

கரையில் குருக்கள் சூடம் காட்டினார். வடிவம்மா முதுகு ஓட்டையில் கடைசியாக ஒரு செம்புப் பால் ஊற்றினார். தும்பிக்கையிலிருந்து வந்த பாலைத் தன் உள்ளங்கையில் பிடித்துக் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். பிறகு யானையைத் தூக்கி ராஜலிங்கத்திடம் கொடுத்தார்.

ராஜலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. இடப்பக்கப் பாறையை நோக்கி நாலு எட்டு வைத்தார். மணல் காலில் தட்டியது. குனிந்தார்.

"ஐயா, அங்க வேணாம்," என்று வடிவம்மாவின் குரல் கரையிலிருந்து வந்தது. "அங்க எல்லாம் கல்லு. மழை பெஞ்சி மலைத்தண்ணி எறங்குனா உருட்டி ஒடச்சிரும். வலது பக்கமாப் போங்க, ஆழமா இருக்கும். பாத்து விடுங்க, ஒடஞ்சிரப் போவுது."

ராஜலிங்கம் குனிந்தபடியே நின்றார். சத்தம் கேட்டுக் கரையில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். மேளக்காரன் வாசிப்பை நிறுத்தியிருந்தான். ஆற்றில் போடப் போகிற சாமானை உடையாமல் போடச் சொல்கிற மனுசியை என்ன செய்வது. இருபது வருடத்தில், அலுமாரியில் கிடந்த ஒவ்வொன்றையும் பற்றி, அது உடைந்துவிடக் கூடாதே என்று தன்னைப் போலப் பதறிய ஒருவரை அவர் கண்டதில்லை. முஹைதீன் நானாவுக்கு அது வியாபாரம், யசோதினிக்கு அது சகிப்பு. இங்கே ஒருத்தி நின்று பதறுகிறாள், அவளிடமிருந்துதான் அதைப் பறித்திருக்கிறோம், இனி அவளை ஏமாற்றி அள்ளிக்கொண்டும் போகப் பார்க்கிறோம். அவருக்குத் தன்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை.

நிமிர்ந்து வலப்பக்கம் நடந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு. மஹய்யாவையில் வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாது. யசோதினி கரையிலிருந்து போதும், போதும் என்றார். இன்னும் ஓர் எட்டு வைத்தார். யானையைத் தண்ணீரில் வைத்தபோது உள்ளே காற்று இருந்ததால் அது அமிழ மறுத்து மிதந்தது. கையால் மெல்ல அழுத்திப் பிடித்தார். முதுகு வழியாகத் தண்ணீர் போக, தும்பிக்கை வழியாகக் குமிழி வந்துகொண்டேயிருந்தது. கெண்டி நிறைந்து நிறைந்து அவர் கையில் கனத்தது. குமிழி நின்றதும் விட்டார். வெள்ளையாக ஒரு முழம் வரைக்கும் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கரையேறியபோது அவர் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு பக்தியான மனுசனைக் கண்டதில்லை என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். தினேஸ் ஓடி வந்து ஈர உடம்பின் மேலேயே பொன்னாடையைப் போர்த்தினார். மேளம் மறுபடி தொடங்கியது. எல்லாரும் திரும்பி மேட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

வடிவம்மா மட்டும் வெறும் செம்போடு நின்றார். ஒடயாமப் போச்சுங்களா என்று கேட்டார். ராஜலிங்கம் தலையாட்டினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. வடிவம்மா அவர் தோளில் நழுவிய பொன்னாடையை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டார்.

"எனக்கும் அப்பிடித்தாங்கய்யா இருக்கு," என்றார்.